ஹெச்-இண்டெக்ஸ் 11 உள்ள கைடிடம் சேரலாமா?

கேள்வி, 2025 நவம்பர் 4, மாலை 6.10

என் தங்கை நோயெதிர்ப்பியலில் பிஹெச்டி சேரப் போகிறாள். இரண்டு கைடுகள் இடம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்குக் கூகுள் ஸ்காலரில் ஹெச்-இண்டெக்ஸ் 48, மேற்கோள்கள் 9,000-க்கு மேல். இன்னொருவருக்கு 11, மேற்கோள்கள் 600 சொச்சம். தங்கைக்கு 11 உள்ளவரோடு பேசியதுதான் பிடித்திருக்கிறது. அப்பா 48-இல் நிற்கிறார், நானும் அவர் பக்கம்தான். ஓர் ஆராய்ச்சியாளரை அளக்க மேற்கோள் எண்ணிக்கையை விட நேர்மையான அளவுகோல் இருக்கிறதா? துறைக்குள் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

நவம்பர் 4, இரவு 10.40

தம்பி, நான் கால்நடை நோய்க்குறியியல் படித்தவள். நாமக்கல் பக்கம் பண்ணைகளில் செத்த கோழிகளை அறுத்துப் பார்ப்பதில் வேலையைத் தொடங்கி, இப்போது ஆய்வகத்தில் கோழிகளின் நோயெதிர்ப்பைப் பார்க்கிறேன். அதனால் கோழியை வைத்தே பதில் சொல்கிறேன்.

கோழி எச்சம் போடும் வாசலுக்கு உள்ளே, மேல்பக்கமாக ஒரு சின்னப் பை ஒட்டிக்கொண்டிருக்கும். குஞ்சில் கடலைப்பருப்பு அளவு, ஒரு மாதக் கோழியில் சுண்டைக்காயை விடப் பெரியது. அதன் பெயர் பர்சா. கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்யும், மனித உடலின் 'பி செல்' பற்றி தங்கை படித்திருப்பாள். அந்த 'பி' இந்தப் பர்சாவிலிருந்து வந்தது. பர்சாவுக்கும் ஆன்டிபாடிக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் சொன்ன கட்டுரை 1956-இல் 'போல்ட்ரி சயின்ஸ்' என்ற கோழி வளர்ப்பு இதழில் வந்தது. புரூஸ் கிளிக், திமோத்தி சாங், ஜார்ஜ் ஜாப் என்று மூன்று பேர். கட்டுரை மொத்தம் இரண்டு பக்கம். அதற்கு முன் 'சயின்ஸ்' இதழுக்கு அனுப்பினார்கள், திருப்பிவிட்டார்கள்.

பத்து வருடம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஸ்காலர் பக்கம் இருந்து, கிளிக்கிடம் சேரலாமா என்று உங்கள் அப்பா பார்த்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். நாளை விரிவாக எழுதுகிறேன், இப்போது கண் எரிகிறது.

நவம்பர் 5, காலை 7.15

ஹெச்-இண்டெக்ஸ் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிறர் தங்கள் கட்டுரைகளில் குறைந்தது 11 முறை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் ஒருவருக்கு 11 இருந்தால் அவருடைய எண் 11. குறைந்தது 48 முறை மேற்கோள் பெற்றவை 48 இருந்தால் 48. ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்தது. இதிலிருந்து வருகிற ஒரு விளைவை யோசித்துப் பாருங்கள். வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அதை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் எண் 1-தான். அந்த எண் ஏறிக்கொண்டே போகும், இறங்கவே இறங்காது. வயதானவருக்குக் கூடுதலாகவும் இளையவருக்குக் குறைவாகவும் இருப்பது அதன் இயல்பு. 48-க்கு வயது என்ன, 11-க்கு வயது என்ன என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

நவம்பர் 5, இரவு 9.30

கிளிக் கதைக்கு வருகிறேன்.

பர்சா என்ற உறுப்பு புதிது இல்லை. இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தில் உடற்கூறு சொல்லிக்கொடுத்த ஃபேப்ரிசியஸ், ரத்த ஓட்டத்தைக் கண்டு சொன்ன வில்லியம் ஹார்வியின் ஆசிரியர், அதைப் பார்த்து எழுதி வைத்தார். அவர் இறந்த பிறகு 1621-இல் அந்த நூல் அச்சில் வந்தது. சேவலின் விந்தைப் பெட்டைக்கோழி சேமித்து வைக்கும் பை என்று அவர் நினைத்தார். தவறு. ஆனால் பெயர் அவருடையதாகவே நின்றுவிட்டது. அதன்பின் முந்நூறு வருடத்துக்கு மேல் அது எதற்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளிக் மாணவராக இருந்தபோது, பேராசிரியர் ஒருவர் பெருவாத்தை (கூஸ்) அறுத்துக்கொண்டிருந்தார். இது என்ன உறுப்பு, என்ன வேலை செய்கிறது என்று கிளிக் கேட்டார். நல்ல கேள்வி, நீயே கண்டுபிடி என்று பதில் வந்தது. கிளிக் விடவில்லை. முதலில் அதன் வளர்ச்சியை அளந்தார். குஞ்சு பொரித்த முதல் மூன்று வாரத்தில்தான் பர்சா வேகமாக வளர்கிறது. கோழி முட்டையிடும் வயதை நெருங்கும்போது சுருங்கிப் போகிறது. அப்படியானால் வேலை முதல் மூன்று வாரத்தில்தான் இருக்க வேண்டும், வளர்ந்த கோழியில் வெட்டி எடுத்துப் பயனில்லை. இந்த யோசனைதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல் என்பது என் எண்ணம். குஞ்சுப் பருவத்திலேயே பர்சாவை எடுத்தார். கோழிகள் சாதாரணமாக வளர்ந்தன. கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

அங்கேயே உடன் படித்த திமோத்தி சாங், வகுப்பில் மாணவர்களுக்கு ஆன்டிபாடி உருவாவதைச் செய்து காட்ட வேண்டியிருந்தது. கோழி கேட்டார். கிளிக் கொடுத்த கோழிகளில் பர்சா எடுத்தவையும் இருந்தன. சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவை ஊசியில் போட்டார்கள். வகுப்பில் செய்முறை கெட்டுப்போனது: சில கோழிகளில் ஆன்டிபாடியே வரவில்லை. எவை என்று பார்த்தால் பர்சா இல்லாத கோழிகள்.

நான் படித்த காலத்தில், செய்முறை வகுப்பில் எதிர்பார்த்த முடிவு வராவிட்டால் பக்கத்துப் பெஞ்சிலிருந்து எண்ணை வாங்கி எழுதிவிடுவோம். அவர்கள் கோழியின் கால் வளையத்தைப் பார்த்தார்கள். பிறகு கூடுதல் கோழிகளை வைத்துச் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். இதை ஒவ்வொரு வருடமும் என் மாணவர்களிடம் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நவம்பர் 6, காலை 6.50

இரவெல்லாம் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. பத்து வருடம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று முதல் நாள் எழுதினேன். அது தவறு. கதை சொல்லும் வேகத்தில் வந்தது. திருத்திக்கொள்கிறேன்.

விஸ்கான்சினில் மேயர், ராவ், ஆஸ்பினால் மூவரும் 1959-இலேயே, ஆண் ஹார்மோன் போன்ற ஒரு பொருளை முட்டைக்குள் செலுத்தினால் பர்சா வளராமல் போகிறது என்று காட்டிவிட்டார்கள். கத்தியே வேண்டாம், முட்டைக்குள்ளேயே பர்சா இல்லாத குஞ்சை உருவாக்கலாம். அந்த வழியில் அங்கிருந்தவர்கள் ஆன்டிபாடி குறைவதையும் பார்த்தார்கள். 1962-இல் மெல்போர்னில் வார்னரும் சென்பெர்க்கும், நோயெதிர்ப்பில் தைமஸ் என்ற இன்னொரு உறுப்பு ஒரு வேலையையும் பர்சா வேறொரு வேலையையும் செய்கிறது என்ற பிரிவினையை எழுதினார்கள். எலியில் தைமஸ் இல்லாவிட்டால் நோயெதிர்ப்பு சிதைகிறது என்று ஜாக் மில்லர் 'லான்செட்'டில் எழுதியது 1961.

ஆக, கிளிக் கட்டுரையைப் படித்தவர்கள் குறைவு, ஆனால் சரியான ஆட்கள் படித்தார்கள். ஐந்தாறு பேர் எடுத்து வேலை செய்தார்கள். அந்த ஐந்தாறு மேற்கோளின் எடை என்ன என்று எந்தப் பக்கத்திலும் போடமாட்டார்கள்.

இன்னொன்று. இதழ்களுக்குக் கொடுக்கும் இம்பாக்ட் ஃபேக்டர் ஒரு கட்டுரை வந்த அடுத்த இரண்டு வருடத்து மேற்கோள்களை மட்டும்தான் எண்ணும். 1956 கட்டுரைக்கு 1957, 1958 மட்டும் கணக்கு. மேயர் குழு எழுதியது 1959!

நவம்பர் 6, இரவு 8.20

'1965 என்ன ஆச்சு?' என்று கேட்டிருக்கிறார்கள். அதுதான் வெடித்த வருடம்.

மின்னசோட்டாவில் மேக்ஸ் கூப்பர், ரேமண்ட் பீட்டர்சன், ராபர்ட் குட். கூப்பர் குழந்தை மருத்துவர். சில குழந்தைகளுக்கு ஆன்டிபாடி இருந்தும் சில தொற்றுகளைத் தாங்க முடிவதில்லை, வேறு சிலருக்கு நேர் எதிர். 1952-இலேயே ஓக்டன் புரூட்டன் என்ற ராணுவ மருத்துவர், திரும்பத் திரும்ப நிமோனியா வந்த எட்டு வயதுப் பையனின் ரத்தத்தில் காமா குளோபுலின், அதாவது ஆன்டிபாடிகள் அடங்கிய புரதப் பகுதி, இல்லவே இல்லை என்று கண்டு, அதை வெளியிலிருந்து ஏற்றிக் காப்பாற்றியிருந்தார். அந்தப் பையனையும் பர்சா இல்லாத கோழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குஞ்சு பொரித்தபின் பர்சாவை எடுத்தாலும், அதற்குள் சில செல்கள் பர்சாவிலிருந்து கிளம்பி உடலுக்குள் போயிருக்கலாம். அதனால் முடிவுகள் முன்பு குழப்பமாக வந்தன. கூப்பர் குழு பர்சாவை எடுத்ததோடு எக்ஸ்-கதிரும் கொடுத்து வெளியே போன செல்களை அழித்தது. பர்சா போன குஞ்சுகளில் ஆன்டிபாடி செய்யும் பிளாஸ்மா செல்லும் இல்லை, இம்யூனோகுளோபுலின் எனப்படும் ஆன்டிபாடியும் இல்லை. தைமஸ் போன குஞ்சுகளில் ஆன்டிபாடி பக்கம் பெரும்பாலும் நின்றது, லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் குறைந்தன, ஒட்டிய அந்நியத் தோலை உடல் சரியாக ஒதுக்கவில்லை. நோயெதிர்ப்பில் இரண்டு தனித்தனிப் படை என்பது அங்கே உறுதியானது. 'நேச்சர்', 1965. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தைமஸ் பக்கத்துக்கு டி செல், பர்சா பக்கத்துக்கு பி செல் என்ற பெயர்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. 2019-இல் கூப்பருக்கும் மில்லருக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது.

கிளிக் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பிறகு கிளெம்சனிலும் கோழி அறிவியல் துறையிலேயே இருந்தார்.

நவம்பர் 7, மதியம் 1.05

சாப்பாட்டு நேரத்தில் அவசரமாக ஒரு திருத்தம். முதல் குறிப்பைப் படித்த ஒருவர், அப்படியானால் ஆன்டிபாடி பர்சாவில் சுரக்கிறதா என்று கேட்டார். இல்லை. பி செல் முதிர்ந்து தயாராகும் இடம் பர்சா. தயாரான செல்கள் அங்கிருந்து மண்ணீரலுக்கும் மற்ற இடங்களுக்கும் போய்க் குடியேறி ஆன்டிபாடி செய்கின்றன. நமக்குப் பர்சா கிடையாது, நம் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன.

நவம்பர் 7, இரவு 11.10

என் சொந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

கம்போரோ நோய் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் கம்போரோ என்ற ஊர்ப் பக்கம் பார்த்து, 1962-இல் எழுதப்பட்டது. மூன்று முதல் ஆறு வார வயதில் தாக்கி, பர்சாவில் இருக்கும் இளம் பி செல்களை வைரஸ் அழித்துவிடும். பிழைத்த கோழிக்கு அதன்பின் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டாலும் சரியாகப் பிடிக்காது. பண்ணைக்காரர் தடுப்பூசிக் கம்பெனியைத் திட்டுவார். பர்சாவை அறுத்துப் பார்த்தால் காரணம் அங்கே இருக்கும்: முதலில் வீங்கி, வெளிர்மஞ்சளாக ஜெல்லி பூசினாற்போல, சில சமயம் உள்ளே ரத்தத் திட்டு, பிறகு சுருங்கி ஒன்றுமில்லாமல். நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

என்னுடைய கட்டுரைகளில் அதிக மேற்கோள் வாங்கியது ஒரு மாதத்தில் எழுதியது. எந்தெந்தப் பண்ணையில் கம்போரோ வந்தது என்ற கணக்கெடுப்பு. 112 மேற்கோள். ஆறு வருடம் உழைத்தது இன்னொன்று. நோயில் பிழைத்த கோழியின் பர்சாவில் மிச்சமிருக்கும் செல்கள் எப்படித் திரும்பக் குடியேறுகின்றன என்று வாரம் வாரமாக அறுத்து, சாயமேற்றி, எண்ணியது. அதற்கு 9.

போன வருடம் விடுமுறையில் அந்த 112-இல் 30 கட்டுரைகளை எடுத்து, என் பெயர் வரும் வாக்கியத்தை மட்டும் படித்தேன். 24-இல் 'கம்போரோ முக்கியமான நோய்' என்ற முன்னுரை வாக்கியம், அதன் வாலில் ஐந்தாறு பேரோடு நானும். இரண்டில் நான் சொல்லாததை நான் சொன்னதாக எழுதியிருந்தார்கள். மீதி நாலில்தான் என் எண்களை எடுத்து ஏதோ செய்திருந்தார்கள். பிறகு அந்த 9-ஐயும் படித்தேன். ஏழு பேர் என் படங்களை வைத்துத் தங்கள் கோழிகளோடு ஒப்பிட்டிருந்தார்கள். ஒருவர் என் கணக்கில் ஒரு பிழையைக் காட்டியிருந்தார், சரியாகவே காட்டியிருந்தார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. துக்கத்தால் இல்லை. முகம் தெரியாத ஏழு பேர் என் ஆறு வருடத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்ற நிறைவு.

நவம்பர் 8, காலை 9.00

கொஞ்சம் சிரிக்க ஒன்று. 1978-இல் 'ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் மெடிசின்' என்ற பெரிய இதழில் பாலி மாட்ஸிங்கர் ஒரு கட்டுரை எழுதினார். கூட எழுதியவர் கலாட்ரியல் மிர்க்வுட். அது அவர் வளர்த்த ஆப்கன் ஹவுண்ட் நாய். அந்த நாய்க்கும் நோயெதிர்ப்பியலில் ஒரு கட்டுரை உண்டு, மேற்கோளும் உண்டு. என் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுப் பூனை பெயரைச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

நவம்பர் 9, மாலை 5.45

'நல்ல வேலைக்கு என்றாவது மேற்கோள் வந்தே தீரும்' என்று ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார். நானும் முன்பு அப்படித்தான் நம்பினேன். இரண்டு காரணத்தால் இப்போது நம்பவில்லை.

முதலாவது, கருவிக்கு வரும் மேற்கோளும் கருத்துக்கு வரும் மேற்கோளும் வேறு. உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையாக 'நேச்சர்' இதழ் 2014-இல் பட்டியலிட்டது, புரதத்தின் அளவைக் கண்டறிய லௌரி குழு 1951-இல் எழுதிய செய்முறை. மூன்று லட்சத்துக்கு மேல். டிஎன்ஏ-வின் இரட்டைச் சுருளைச் சொன்ன 1953 கட்டுரை அந்த முதல் நூறில் இல்லை. எங்கள் துறையில் டிம் மாஸ்மன் என்பவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1983-இல் உயிரோடிருக்கும் செல்களை நிறமாற்றத்தால் எண்ணும் எம்டிடி முறையை எழுதினார். 1986-இல் காஃப்மனும் அவரும் வேறு சிலரும் சேர்ந்து, உதவி டி செல்களில் இரண்டு வகை உண்டு என்று எழுதினார்கள். பின்னது ஒரு தலைமுறையின் சிந்தனையை மாற்றியது. மேற்கோள் எண்ணிக்கையில் முன்னதுதான் பல மடங்கு. நானே எம்டிடி செய்திருக்கிறேன், மேற்கோளும் காட்டியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அந்த 1983 கட்டுரையை முழுதாகப் படித்தது பிற்பாடுதான்.

இரண்டாவது, மிகப் பெரிய வெற்றி மேற்கோளை விழுங்கிவிடும். இன்று பி செல் என்று எழுதுகிற யார் 'கிளிக், 1956' என்று அடைப்புக்குள் போடுகிறார்கள்? பாடப்புத்தகமாகிவிட்டால் பெயர் கரைந்துவிடும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதற்கு ஒரு பெயரே வைத்தார், உட்கலந்து மறைதல் என்று நான் சொல்லிக்கொள்வேன். ரசத்தில் உப்பு எங்கே என்று தேடுவதுபோல.

நவம்பர் 9, இரவு 10.15

போன மாதம் நோபல் அறிவித்தார்களே, அதை விட்டுவிட்டேன். மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சாகாகுச்சி. உடல் தன்னையே தாக்காமல் தடுக்கும் டி செல்கள் பற்றிய வேலை. 'அடக்கும் டி செல்' என்ற பேச்சே மதிப்பிழந்து, நிறையப் பேர் அந்தப் பக்கத்தை விட்டு விலகிய பிறகும் சாகாகுச்சி விடாமல் இருந்தார். 1995-இல் அந்தச் செல்களுக்கு ஓர் அடையாளம் காட்டினார். பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் தனியார் கம்பெனியில் இருந்துகொண்டு, நோயோடு பிறக்கும் ஒரு வகை எலியின் பழுதான மரபணுவைத் தேடிப்பிடித்து 2001-இல் எழுதினார்கள். கம்பெனியில் இருப்பவர்களுக்குக் கட்டுரை எண்ணிக்கை பெருகாது, அது அவர்கள் வேலையும் இல்லை. நோபல் கிடைத்தவர்கள் எல்லோரும் மேற்கோள் மலைமேல் உட்கார்ந்திருப்பவர்கள் என்று நினைக்க வேண்டாம்.

நவம்பர் 11, காலை 8.30

தம்பி, அந்த 11-ஐ ஒருமுறை சரிபாருங்கள். காரணம் நம் பெயர்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுகிறோம். வெளிநாட்டு இதழ்களின் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். ஒருமுறை அப்பா பெயரைக் கொடுப்போம், ஒருமுறை நம் பெயரை. கல்யாணமானபின் சிலர் கணவர் பெயரைச் சேர்ப்பார்கள். ஒரே பெண் மூன்று பேராகப் பிரிந்துவிடுவாள். எனக்கு அப்படித்தான் ஆனது: என் பாதிக் கட்டுரைகள் என் அப்பாவின் பெயரில் நிற்கின்றன. அவர் சங்ககிரியில் லாரி ஓட்டியவர். காட்டியபோது அவருக்கு ஒரே சந்தோஷம், அப்படியே இருக்கட்டும் என்றார். இந்தச் சிக்கலுக்காகவே 2012-இல், ஒவ்வோர் ஆராய்ச்சியாளருக்கும் தனி எண் தரும் ஆர்கிட் என்ற முறை வந்தது. தங்கையை முதல் கட்டுரைக்கு முன்பே அதில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். பெயரை ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள்.

நவம்பர் 13, இரவு 9.50

என்னை எண்ணுக்கே எதிரி என்று எடுத்துக்கொண்டு சிலர் கைதட்டுகிறார்கள். எனக்கு அது சங்கடமாக இருக்கிறது. இரண்டு நாளாக யோசித்தேன்.

எண் வந்ததற்கு ஒரு நியாயம் உண்டு. யூஜின் கார்ஃபீல்ட் 1960-களில் மேற்கோள் அட்டவணையை அச்சிட ஆரம்பித்தது யாரையும் வரிசைப்படுத்துவதற்காக இல்லை. ஒரு கட்டுரையைப் பிடித்து, அதன்பின் யார் யார் அதைத் தொட்டார்கள் என்று முன்னோக்கித் தேட ஒரு வழி வேண்டும் என்பதற்காக. நான் மேயரையும் வார்னரையும் கண்டுபிடித்தது அந்த வழியில்தான். மேலும், தெரிந்தவர், சொந்தக்காரர், சாதிக்காரர் என்று பார்த்து வேலை கொடுக்கும் இடத்தில், 'என் கட்டுரையை இத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறார்கள்' என்று ஓர் எளிய வீட்டுப் பெண் மேசையில் வைக்க ஒரு காகிதம் கிடைக்கிறது. அதை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு நேர்காணலில் எனக்கே அது கைகொடுத்தது.

அதே எண் என்னைத் தவறும் செய்ய வைத்தது. பல வருடம் முன்பு ஒரு கட்டுரையை அனுப்பியபோது, பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஐந்து கட்டுரைகளைக் குறிப்பிட்டு இவற்றைச் சேர்க்கவும் என்று எழுதியிருந்தார். ஐந்திலும் பொதுவாக ஒரே பெயர். என் பொருளுக்குத் தொடர்பே இல்லை. பதவி உயர்வுக்கு இன்னும் ஒரு கட்டுரை குறைந்திருந்தது. மூன்றைச் சேர்த்தேன். அந்த மூன்று வரி இன்னும் அச்சில் இருக்கிறது. யாரோ ஒருவரின் 48-இல் என் மூன்றும் கலந்திருக்கும். உங்கள் தங்கை பார்க்கும் 48 அப்படி வந்தது என்று நான் சொல்லவில்லை, தம்பி. அவர் உண்மையிலேயே பெரிய ஆளாக இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆராய்ச்சியாளர்களும் இதழ் ஆசிரியர்களும், இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை எடைபோடாதீர்கள், கட்டுரையைப் படித்து எடைபோடுங்கள் என்று அறிக்கை விட்டார்கள். நம் நாட்டில் யூஜிசி 2022 விதிகளில், பிஹெச்டி ஆய்வேடு கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. நிபந்தனைக்காகக் காசு கட்டிக் கட்டுரை போட்ட மாணவர்களை நான் அறிவேன். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை.

நவம்பர் 16, காலை 10.20

சரி, தங்கை என்ன செய்யலாம் என்று நேராகக் கேட்டுவிட்டீர்கள்.

இரண்டு பேரிடமும் அவர்களே நல்ல வேலை என்று நினைக்கும் ஒரு கட்டுரையைக் கேட்கட்டும். அதிக மேற்கோள் பெற்றது வேண்டாம், அவர்களுக்குப் பிடித்தது. வாங்கி முழுக்கப் படிக்கட்டும், புரியாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் ஆறேழை எடுத்து, அந்த வாக்கியத்தைத் தேடிப் படிக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முன்னுரையில் கூட்டத்தோடு நிற்கிறதா, செய்முறையில் நிற்கிறதா, 'இவர்கள் சொன்னதைச் சோதித்தோம்' என்று நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது என்று பார்க்கட்டும். எங்கள் துறையில் வேலை செய்த மாணவர் பெயர் முதலில், கைடு பெயர் கடைசியில் வரும். முதல் பெயராக வந்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இரண்டு பேரைத் தொலைபேசியில் பிடித்துப் பேசினால், ஸ்காலர் பக்கம் முழுவதும் சொல்லாததைச் சொல்லிவிடுவார்கள். குறிப்பாக, முடிவு தப்பாக வந்தபோது கைடு என்ன செய்தார் என்று கேட்கச் சொல்லுங்கள். என் கைடு இதில்தான் எனக்குக் குரு. தட்டில் வளரவேண்டியது வளராமல் நான் அழுதுகொண்டு நின்றபோது, தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, 'எதும்மா வளரல, எப்ப இருந்து வளரல, அதை முதல்ல எழுது' என்றார். அவருடைய எண் என்ன என்று அன்றும் தெரியாது, இன்றும் தேடிப் பார்த்ததில்லை.

நவம்பர் 16, காலை 10.45

விட்டுப்போனது: உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு, ஆய்வகத்துக்கு நிதி இருக்கிறதா என்றும் கேட்கட்டும். இதில் 48 உள்ளவர் முன்னால் நிற்க வாய்ப்பு உண்டு. பசித்துக்கொண்டு பர்சா எண்ண முடியாது.

நவம்பர் 24, இரவு 8.40

தங்கை படித்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. 48 உள்ளவர் கொடுத்த கட்டுரையைத்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது என்று சொன்னதைப் பார்த்து முதலில் எனக்கு ஆச்சரியம். பிறகு யோசித்தேன், ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நல்ல வேலைதான், பட்டியலில் நானும் தேடிப் படித்தேன், மூன்றாவது படம் பிரமாதம். அதற்கு 14 மேற்கோள்தான், அவருடைய 48-இல் அது சேரவே இல்லை. தன்னுடைய அத்தனை கட்டுரைகளிலும் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார் பாருங்கள், அந்த மனிதரோடு பேச எனக்கே ஆசையாக இருக்கிறது.

11 உள்ளவரின் பழைய மாணவி இன்னும் போனை எடுக்கவில்லை என்கிறீர்கள். இரண்டு நாள் பொறுங்கள், அவர் பெயர் இருந்த கட்டுரையில் மின்னஞ்சல் முகவரி இருக்கும், அதில் எழுதச் சொல்லுங்கள். அப்பா அவசரப்பட்டால் சேர்க்கைக்குக் கடைசி நாள் எப்போது என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.